இடப்பக்கம் தள்ளினால் எரியும் விளக்கு

எட்டு மாதமாக அந்த விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது. கூடத்து மின்விசிறியின் அடியில், கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இருக்கிற விளக்கு. சுவிட்சைப் போட்டால் எரியும். விசிறி வேகம் பிடித்ததும் அணையும். தொலையட்டும் என்று விட்டால் தானாகவே எரியும். அதற்கு நேர் கீழே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ஒருத்தி நாள் முழுக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள், அவள் புருஷன் எலக்ட்ரீஷியன் என்று வெளியில் சொன்னால் சிரிக்கமாட்டார்களா? சிரித்தார்கள். அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை மேலே பார்த்து, ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் போனார்கள்.

அந்தப் புருஷனை அக்கம்பக்கத்தில் டெஸ்டர் என்றால்தான் தெரியும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கரண்ட் பார்க்கிற டெஸ்டர் இருக்கும். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ரகம். வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் ஒயருக்கு ஒயர் ஸ்டிக்கர் ஒட்டி, அதில் தன் குண்டு எழுத்தில் ‘கூடம்’, ‘சமையல்’, ‘குளியல்’ என்று எழுதிவைத்துவிட்டு வருவார். இப்படிப்பட்ட மனுஷனுக்கு வீட்டு விளக்கில் என்ன கோளாறு என்று தெரியாதா? கண்டுபிடிக்கத் தெரியாமல் அவர் எட்டு மாதம் இழுத்தடிக்கவில்லை. கண்டுபிடித்துவிடுவோமோ என்கிற பயத்தில்தான் இழுத்தடித்தார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அது பதினாலு மாதத்துக்கு முந்தைய கதை. ஒரு டீச்சர் புது வீடு கட்டிக் குடிபோனார். நாலு மின்விசிறி மாட்ட வேண்டும். டெஸ்டரும் அவருடைய மச்சினனும் போனார்கள். மச்சினன் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. பத்து வருஷமாக இரண்டு பேரும் ஒரே ஏணியில் ஏறி இறங்கியவர்கள். ஆளுக்கு இரண்டு விசிறி என்று பிரித்துக்கொண்டு ஒரு மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டு வந்தார்கள். மூன்றாம் நாள் படுக்கையறை விசிறி விழுந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த டீச்சரின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நாலு விரல் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் தலை.

விசிறி எதில் தொங்குகிறது என்று பெரும்பாலோர் யோசிப்பதில்லை. கூரைக் கொக்கியில் ஒரு வளையம், வளையத்துக்குள் விசிறியின் ராடு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற ஒரே ஒரு போல்ட். போல்ட்டின் நுனியில் ஒரு நட்டு. நட்டுக்கு அப்பால் ஒரு சின்னத் துளை. அந்தத் துளைக்குள் இரட்டைக்கால் பின் ஒன்றைச் செருகி, இரண்டு காலையும் விரித்து மடக்கிவிட வேண்டும். அப்புறம் விசிறி எத்தனை வருஷம் ஆடினாலும் நட்டு கழலாது. அந்தப் பின் நகக்கண் அளவுதான் இருக்கும். டீச்சர் வீட்டில் விழுந்த போல்ட்டின் துளையில் அது இல்லை. அதற்குப் பதிலாக ஒரு செம்புக் கம்பித் துண்டை முறுக்கிவிட்டிருந்தார்கள்.

“இது யார் மாட்டுனது?” என்று டீச்சரின் கணவர் கேட்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது அவருக்கு.

டெஸ்டர் யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது. “சார், என் ஆயுசுல நான் கம்பி போட்டதில்ல. இது என் வேலை இல்ல.”

எல்லாரும் மச்சினன் பக்கம் திரும்பினார்கள். உண்மை என்னவென்றால், எந்த அறையில் யார் மாட்டினார்கள் என்று இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டுகிற மனுஷன் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? மச்சினனே நம்பினான். தரையில் கிடந்த விசிறியைப் பார்த்துக்கொண்டே, “அப்ப நானாத்தான் இருக்கும், மாமா” என்றான்.

அன்றோடு அவன் இந்த வேலையை விட்டுவிட்டான். டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே போக அவனுக்குத் தைரியமில்லை. இப்போது ஒரு துணிக்கடை வாசலில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறான். அவன் அக்காவுக்கோ தம்பிமேல் வந்த கோபம் இறங்கவே இல்லை. “ஒரு உசுரு போகப் பாத்துது. கூட நின்ன உங்க பேரும் கெட்டுது. இனிமே அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது” என்றாள். சொன்னபடியே நின்றாள்.

டெஸ்டர் நிம்மதியாகத்தான் இருந்தார், இந்த விளக்கு கண்ணடிக்கத் தொடங்கும் வரை. ஒரு நாள் காலையில் டீ குடித்துக்கொண்டே அதை அண்ணாந்து பார்த்தபோது ஒரு நினைப்பு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, இந்த விசிறியை மாட்டியது அவர். தனியாக. மச்சினன் அன்று ஊரிலேயே இல்லை. சாமான்களெல்லாம் வாசலில் கிடக்க, அவசர அவசரமாக மாட்டியது. அதில் பின் போட்டேனா?

ஞாபகமில்லை. போட்டிருப்பேன் என்று தோன்றியது. எப்போதும் போடுகிறவன்தானே. ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். மேலே கூரையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் கப் மூடியிருக்கிறது. அதைக் கீழே இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பின் இருந்தால் அவர் சொன்னது சத்தியம். கம்பி இருந்தால்? எட்டு மாதமாக அந்தக் கப்பைத் தொடாமல் இருக்க அவர் சொல்லாத சாக்கு இல்லை. பல்பு மட்டம், ஏணி வேலை நடக்கிற இடத்தில் கிடக்கிறது, இடுப்பு பிடித்திருக்கிறது, நாளைக்குப் பார்க்கிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை அந்த ‘நாளைக்கு’வுக்கு ஒரு முடிவு வந்தது. மனைவி வாயில் இரண்டு குண்டூசியைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

“பின்தெரு எலக்ட்ரீஷியன வரச் சொல்லிட்டேன். பதினோரு மணிக்கு வராரு.”

“எதுக்கு?”

“எதுக்கா? இந்த விளக்குக்குத்தான். அறுபது யூனிபார்ம் கிடக்குது. நீல நூல் எது, கறுப்பு நூல் எதுன்னு தெரியல எனக்கு. ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடறவருக்கு வீட்டுக்கு நேரமில்லைன்னா நான் என்ன பண்ண?”

பின்தெரு எலக்ட்ரீஷியன் கெட்டிக்காரர். வந்தால் ஐந்தாவது நிமிஷம் கப்பை இறக்கிவிடுவார். உள்ளே கம்பி இருந்தால் சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

“அவர வர வேண்டாம்னு சொல்லு,” என்றார். “நானே பாக்கறேன். இப்பவே பாக்கறேன்.”

“இப்பவேன்னா இன்னைக்கா?”

“ஏணி எடுக்கறேன்ல, அப்புறம் என்ன?”

அவள் பின்தெருக்காரருக்குப் போன் போட்டு வேண்டாமென்றாள். அவர் மெயின் சுவிட்சை இறக்கினார். இறக்கியதை இரண்டு தடவை போய்ப் பார்த்தார். மெஷினை ஓரமாக நகர்த்தி ஏணியை விரித்தார். பிறகு கீழிருந்து ஆரம்பித்தார். கீழே கோளாறு இருந்துவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதுபோல் யாரும் எந்தக் கோளாறுக்கும் வேண்டியிருக்கமாட்டார்கள். கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே செத்துக் கிடந்த பூச்சிகளைக் கொட்டினார். புது பல்பு போட்டார். ஹோல்டரின் பித்தளை நாக்கைச் சுரண்டிவிட்டார். அடிக் கனெக்டரில் ஸ்க்ரூவைத் தளர்த்தி மறுபடி முறுக்கினார். இறங்கி, மெயினைப் போட்டு, சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது. விசிறியைப் போட்டார். அணைந்தது.

“அணைஞ்சிடுச்சு,” என்றாள் மனைவி, தேவையில்லாமல்.

“எனக்கும் கண்ணு இருக்கு.”

மறுபடி மெயினை இறக்கிவிட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளே ஒயர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையாக நின்றன, ஸ்டிக்கரும் கையுமாக. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கம். ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினார். அதில் ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரியும். ரெகுலேட்டருக்கும் விளக்குக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, கோளாறு மேல இருக்குமோ?”

“உனக்கு ரொம்பத் தெரியும்.”

“இல்ல, நீங்க கீழயே சுத்திட்டு இருக்கீங்களே, அதான் கேட்டேன்.”

இனிச் செய்ய ஒரு சோதனைதான் பாக்கி. மெயினைப் போட்டு, விசிறியை நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் போட்டார். ஏணியில் ஏறி ராடை ஒரு கையால் பிடித்து மெல்ல வலப்பக்கம் தள்ளினார். விளக்கு அணைந்தது. இடப்பக்கம் தள்ளினார். எரிந்தது. மறுபடி வலப்பக்கம். அணைந்தது.

“அட, புடிச்சிட்டீங்க!” என்றாள் மனைவி.

அவர் ராடை விடவில்லை. விளக்கின் ஒயர் ராடின் குழாய்க்குள்ளேயே மேலே போகிறது. அது மேலே நசுங்கியிருக்கிறது, சரி. ஆனால் ராடு ஏன் நகர்கிறது? விசிறி ஆடலாம், ஊசலாடலாம். இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்து கொடுக்கக் கூடாது. போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் கொடுக்காது.

“மெயின ஆஃப் பண்ணு,” என்றார்.

கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். ஒன்பது வருஷத் தூசி கண்ணில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

கம்பி.

செம்புக் கம்பித் துண்டு. துளைக்குள் நுழைத்து மூன்று முறுக்கு முறுக்கிவிட்டிருந்தது. ஒன்பது வருஷ ஆட்டத்தில் தேய்ந்து, ஒரு பக்கம் அறுந்தே போயிருந்தது. நட்டு கழன்று கழன்று போல்ட்டின் கடைசி இரண்டு மரைச் சுற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. போல்ட் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டது. ராடு ஒரு பக்கமாகச் சாய்ந்து விளக்கு ஒயரை வளையத்தின் விளிம்பில் வைத்து நசுக்கியிருந்தது. எட்டு மாதமாக அந்த விளக்கு கண்ணடித்ததற்கு அதுதான் காரணம்.

இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்குமா? ஒரு மாதம்? கீழே குனிந்து பார்த்தார். மெஷினை நகர்த்திய இடத்தில் அதன் நாலு கால் தடம் தரையில் இருந்தது. அந்த இடத்தில் அவள் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பாள். டெஸ்டர் ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க, என்ன ஆச்சு? தலை சுத்துதா?”

“ஒண்ணுமில்ல. அந்தத் துணி வெட்டற மேசைய இழுத்துப் போட்டு அதுமேல ஏறு. அடியில ரெண்டு கையாலயும் ஃபேன தாங்கிப் புடி. விட்டுடாத.”

“லூசா இருக்கா?”

“புடின்னா புடியேன்.”

அவள் மேசைமேல் ஏறி விசிறியைத் தாங்கினாள். முகம் அவர் முகத்துக்கு ஒரு முழம் கீழே இருந்தது. அவளுக்கு மேலே பார்க்க முடியவில்லை, பாரம் அப்படி. டெஸ்டர் கம்பியைக் குறட்டால் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. ஒரு நொடி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையில் போட்டார்.

யாரும் பார்க்கவில்லை. போல்ட்டைத் தட்டி உள்ளே ஏற்றினார். நட்டை முறுக்கினார். டீச்சர் வீட்டு விஷயத்துக்குப் பிறகு பை நிறையப் பின் வைத்துக்கொண்டுதான் அலைகிறார். அதில் ஒன்றை எடுத்துச் செருகி இரண்டு காலையும் மடக்கினார். நசுங்கிய ஒயரை வெட்டி, புதுத் துண்டு சேர்த்து, டேப் சுற்றி, ராடின் விளிம்பு படாமல் ஒதுக்கிக் கட்டினார். கைகள் தாமாக வேலை செய்தன. மனசு மட்டும் சட்டைப் பைக்குள் இருந்தது.

ஒரு கம்பியால் என்ன நிரூபணம் ஆகிவிடும் என்று தனக்குள் வாதாடிப் பார்த்தார். குடிவந்த அன்று அவசரம். பையில் பின் தீர்ந்திருக்கும். இப்போதைக்கு இருக்கட்டும், நாளைக்கு மாற்றிவிடலாம் என்று முறுக்கியிருப்பேன். இங்கே போட்டதால் அங்கேயும் நான்தான் போட்டேன் என்று ஆகுமா? ஆகாது. யார் மாட்டினது என்று இன்னமும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் அன்று சொன்னது அதுவல்ல. என் ஆயுசில் கம்பி போட்டதில்லை என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இன்னொருத்தன் குற்றத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். அந்த வாக்கியம் பொய்.

பொய் என்று தெரியாமல் சொன்ன பொய். இனிமேல் தெரியும்.

கப்பை ஏற்றி மூடினார். இரண்டு பேரும் இறங்கினார்கள். மெயினைப் போட்டு விசிறியையும் விளக்கையும் சேர்த்துத் தட்டினார். விசிறி வேகம் பிடித்தது. விளக்கு கண்கொட்டாமல் எரிந்தது. வெள்ளை வெளிச்சத்தில் அறுபது யூனிபார்மும் பளிச்சென்று நீலமாகத் தெரிந்தன.

மனைவிக்கு வாயெல்லாம் பல். “அரை மணி நேர வேலை! இதுக்கு எட்டு மாசம் என் உசுர வாங்குனீங்களே!” மெஷினை இழுத்துப் பழைய இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டாள். “ஆனா ஒண்ணுங்க. நீங்க மாட்டுனதாலதான் இத்தனை வருஷம் நின்னுச்சு. இதையே என் தம்பி மாட்டியிருந்தான்னா, இந்நேரம் என் தலையில விழுந்திருக்கும்.”

டெஸ்டர் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். எட்டு மாதத்துக்கும் சேர்த்துத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பைக்குள் கையை விட்டுக் கம்பியை எடுத்து மெஷின் பலகையில் வைத்தார்.

“என்ன இது?”

“மேல இருந்துச்சு. பின் இருக்க வேண்டிய இடத்துல.”

கம்பியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி கம்பியைப் பார்த்தாள். டீச்சர் வீட்டில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆயிரம் தடவை கேட்ட கதை, ஆயிரம் தடவை சொல்லித் தம்பியைத் திட்டிய கதை.

“இந்த ஃபேன நீங்கதானே மாட்டுனீங்க?”

“நான்தான்.”

“அவன் அன்னைக்கு ஊர்லயே இல்ல.”

“இல்ல.”

அவள் எழுந்து சத்தம் போடுவாள் என்று டெஸ்டர் எதிர்பார்த்தார். அவள் எழவில்லை. மெல்ல ஸ்டூலை மட்டும் பின்னால் தள்ளி, விசிறிக்குக் கீழேயிருந்து விலகி உட்கார்ந்தாள். அது அவர் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பின் போட்டிருக்கிறது, இனிப் பயமில்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

“பதினாலு மாசம்,” என்றாள். “அவன் கடைக்கு முன்னாடி பஸ் நிக்கும். அவன் கதவத் திறந்துவிட்டுட்டு நிப்பான். நான் இந்தப் பக்கம் முகத்தத் திருப்பிக்குவேன். என்னைப் பாத்துட்டுத்தான் நிப்பான்னு தெரியும். தெரிஞ்சே திருப்பிக்குவேன்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “போன் பண்ணுங்க.”

“சாயங்காலம் நேர்ல போயி...”

“இப்ப.”

மூன்றாவது தடவை மணி அடித்ததும் மச்சினன் எடுத்தான். பின்னால் கடைப் பாட்டும் கார்ச் சத்தமும் கேட்டன. “மாமா? அக்காவுக்கு ஏதும் ஆயிடுச்சா?” என்றான், எடுத்த எடுப்பில். இத்தனை நாள் கழித்துப் போன் வந்தால் அவன் வேறென்ன நினைப்பான்?

“அக்கா நல்லாருக்கா.” டெஸ்டர் மெஷின் பலகையில் கிடந்த கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். “மாப்ள, இன்னைக்கு நம்ம வீட்டு ஃபேன இறக்கினேன். நான் தனியா மாட்டுன ஃபேன். உள்ள கம்பிதான் இருக்கு.”

அந்தப் பக்கம் ஒரு பெண் ஏதோ கேட்க, அவன் “மாடிக்குப் போங்கம்மா” என்று வழி சொன்னது கேட்டது.

“போட்டதில்லைன்னு அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னேன். நான் போடற ஆளுதான் மாப்ள. டீச்சர் வீட்லயும் நானாத்தான் இருக்கும். நீ...”

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அழுவான், அல்லது கத்துவான் என்று அவளும் நினைத்தாள்.

“மாமா,” என்றான் அவன். “வேற எங்கெல்லாம் கம்பி போட்டீங்க?”

“என்ன?”

“வேற எந்தெந்த வீட்ல? நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து போன வீட்டையெல்லாம் நான் அப்பவே போய்ப் பாத்துட்டேன். டீச்சர் ஆஸ்பத்திரியில இருந்தப்பவே ஒவ்வொரு வீடா ஏறிப் பாத்தேன். நான்தான்னு நெனச்சேன்ல, பயமா இருந்துச்சு. எல்லாத்துலயும் பின் இருந்துச்சு. ஒண்ணுலகூடக் கம்பி இல்ல. அதுதான் எனக்குப் புரியாமயே இருந்துச்சு. நீங்க தனியா மாட்டுனத யாரும் பாக்கல. எத்தனை இருக்கும்?”

டெஸ்டர் இந்தக் காலை முழுவதும் தன் பேரைப் பற்றிப் பயந்திருந்தார், தன் மனைவியின் தலையைப் பற்றிப் பயந்திருந்தார். இது அவருக்குத் தோன்றவே இல்லை. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மூன்று மாடிக் குடியிருப்பு. டைப் இன்ஸ்டிட்யூட். மருந்துக்கடைக்காரர் வீடு. கிளினிக்கில் நோயாளிகள் வரிசையாக உட்காருகிற கூடம். பையில் பின் தீர்ந்துபோன நாட்கள் எத்தனை? நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்ட நாட்கள் எத்தனை?

“தெரியல மாப்ள,” என்றார். “இங்க போட்டதே எனக்கு ஞாபகமில்ல.”

“ரெண்டு மணிக்கு என்னை விட்டுடுவாங்க. பெரிய ஏணி இருக்கா?”

“இருக்கு. மாப்ள, உன்கிட்ட நான் எப்படி...”

“அத அப்புறம் பேசலாம் மாமா. கோவம் இருக்கு. நெறைய இருக்கு. இப்ப யார் யார் வீடுன்னு எழுதி வைங்க.” போனை வைத்துவிட்டான்.

எழுதியது மனைவிதான். வேலைக்குக் கூப்பிடுகிற போனெல்லாம் இத்தனை வருஷமாக அவள்தான் எடுத்தாள். அவருக்கு மறந்ததெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. யூனிபார்ம் அளவு நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே போனாள். முப்பத்தேழு வீட்டில் பேனா நின்றது. கடைசி வரியில் ‘டீச்சர்’ என்று எழுதியிருந்தாள்.

“அங்க இப்ப மேல ஃபேனே இல்லையே. டேபிள் ஃபேன்தான் வெச்சிருக்காங்க.”

“ஃபேனுக்கா போறோம்?” என்றாள் அவள்.

இரண்டு மணி ஐந்துக்கு மச்சினன் வந்தான், காக்கிச் சட்டையோடு. வாசற்படியில் நின்றான். உள்ளே வா என்று யாராவது சொல்ல வேண்டும் என்று நின்றான். அக்கா வந்து அவன் கையைப் பிடித்தாள். “சட்டையில பட்டன் பிஞ்சிருக்கு, கழட்டிக் குடுத்துட்டுப் போ” என்றாள். “வந்து குடுக்கறேன்க்கா,” என்றான். ஏணியின் ஒரு முனையை அவன் தோளில் வைத்துக்கொண்டான். மறுமுனையை டெஸ்டர் தூக்கினார்.

பட்டியலில் முதலில் இருந்தது மூன்று மாடிக் குடியிருப்பு. அங்கே மட்டும் பதினோரு விசிறி. மேல்மாடியில் முதல் கதவைத் தட்டினார்கள். ஓர் இளம்பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே கதவைப் பாதி திறந்தாள். அவள் தோளுக்கு மேலாகக் கூடம் தெரிந்தது. விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே பாயில் ஒரு குழந்தை கையைக் காலை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

“டெஸ்டர் அண்ணனா? நாங்க யாரும் கூப்பிடலையே,” என்றாள். ஏணியையும் காக்கிச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன விஷயம்?”

“உங்க ஃபேன ஒரு தடவை பாக்கணும்மா.”

“ஃபேனா? அது நல்லாத்தானே ஓடுது?”

மச்சினன் டெஸ்டரைப் பார்த்தான். அவன் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியவர் அவர்தான். முப்பத்தேழு வாசலிலும் அவர்தான் சொல்ல வேண்டும்.

“நல்லாத்தாம்மா ஓடும்,” என்றார் டெஸ்டர். “மாட்டுனது நான். அதான் பயமா இருக்கு. முதல்ல குழந்தைய அங்கேருந்து தூக்கிக்குங்க.”